நேரில் சொல்லிவிடுங்கள்

தமயந்திக்கு முப்பத்தாறு வயது. அவரைத் தன் குரு என்று நினைத்துக்கொண்டிருந்த ஆவுடையப்பனுக்கு ஐம்பத்திரண்டு. வெளியே சொன்னால் சிரிப்பார்களே என்று, மற்றவர்களைப் போல அவரும் தமயந்தியை ‘அக்கா’ என்றே கூப்பிட்டார். அதற்கும் சிரித்தார்கள்.

தமயந்தி எழுதிய மென்பொருளின் பெயர் பெட்டிக்கடை. இணையத்தில் கடை வைக்க விரும்புகிறவர்கள் அதை இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், இஷ்டப்படி மாற்றிக்கொள்ளலாம். முறுக்கு விற்பவர்கள், சேலை விற்பவர்கள், தேன் விற்பவர்கள் என்று நிறையப் பேர் அதை நம்பிப் பிழைத்தார்கள். அதில் பழுது வந்தால் யாராவது ஒருவர் தன் ஊரில் உட்கார்ந்து சரிசெய்து அனுப்புவார். இன்னொருவர் இன்னொரு ஊரில் உட்கார்ந்து அதைச் சரிபார்ப்பார். யாருக்கும் சம்பளம் கிடையாது. நன்றி எப்போதாவது வரும், திட்டு தினமும் வரும்.

அதிகப் பழுதுகளைச் சரிசெய்து, அந்தத் திட்டில் பெரும்பங்கை வாங்கிக்கொண்டிருந்தவர் ஆவுடையப்பன்.

ஒரு சனிக்கிழமை காலை அவர் திருநெல்வேலியில் பஸ் ஏறி, விருதுநகரில் தமயந்தியின் வீட்டு மாடி அறைக்கு வந்து சேர்ந்தார். ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டுக் கேட்டார்.

“அக்கா, கூட்டம் என்னத்துக்கு?”

“எந்தக் கூட்டம்?”

“பெட்டிக்கடைக்காரங்க எல்லாரும் வருஷா வருஷம் ஒரு இடத்துல கூடணும்னு சொல்லுதீங்களே, அதுதான். எல்லாம் இணையத்திலயே நடக்கு. எழுதுதோம், படிக்கோம், பதில் போடுதோம். நேர்ல பாத்து என்ன ஆகப்போவுது? போன வருஷம் நான் வேண்டாம்னேன், விட்டுட்டோம். ஒண்ணும் நின்னு போகலையே.”

“இதைக் கேக்கவா பஸ் ஏறி வந்தீங்க?”

“ஆமா.”

“எழுதிக் கேட்டிருக்கலாமே அண்ணாச்சி.”

“எழுதினா நீங்க தப்பா எடுத்துக்கிடுவீங்களோன்னு நெனச்சேன்.”

தமயந்தி காபி போட எழுந்து போனார்.

கூட்டத்தைப் பற்றிய கேள்வி முன்னுரைதான். மனிதர் வந்த காரியம் வேறு. காபி டம்ளர் கைக்கு வந்ததும் அதையும் சொன்னார்.

“இருதயராஜைக் குழுவை விட்டுத் தூக்கணும்.”

இருதயராஜ் தூத்துக்குடிக்காரர். வாங்குகிறவரின் ஊருக்கும் பொருளின் எடைக்கும் ஏற்றபடி பார்சல் கட்டணத்தைக் கணக்கிடும் பகுதி அவர் பொறுப்பில் இருந்தது. ஆவுடையப்பன் எதைச் சரிசெய்து அனுப்பினாலும் அவரிடமிருந்து கேள்வி வரும். இந்த வரி எதற்கு? முன்பு இருந்ததில் என்ன குறை? வேறு வழியே இல்லையா? ஒரு வணக்கம் இருக்காது, ஒரு நன்றி இருக்காது. ஆவுடையப்பன் பல்லைக் கடித்துக்கொண்டு பக்கம் பக்கமாக விளக்கம் எழுதுவார். அடுத்த வாரமே மறுபடியும் கேள்வி வந்து நிற்கும்.

“நாலு வருஷம் அக்கா. தூக்கம் போச்சு. இப்பெல்லாம் ஒரு வரிக்கு மேல பதில் எழுத எனக்குத் தெம்பு இல்ல. எங்க வீட்டுல கேக்கா, யாரு அந்த இருதயராஜ், உங்க மேலதிகாரியான்னு. ஒண்ணு அவரு இருக்கட்டும், இல்ல நான் இருக்கேன்.”

“அவர் போனா பார்சல் கட்டணத்தை யார் பாக்குறது?”

“நான் பாக்கேன்.”

“இப்பதான் தெம்பு இல்லைன்னீங்க.”

ஆவுடையப்பன் காபியை ஆற்றினார். அது ஏற்கெனவே ஆறித்தான் இருந்தது.

“போன வருஷம் கனகவல்லியைத் தூக்கினோம்லா. பொத்தானை அமுக்கினோம், முடிஞ்சு போச்சு. அன்னைக்குத்தான் நிம்மதியாத் தூங்கினேன்.”

கனகவல்லி கும்பகோணத்துக்காரர். போன வருடத் தொடக்கத்தில் வந்து சேர்ந்து, கடையில் பணம் கட்டும் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர். அவருக்கும் ஆவுடையப்பனுக்கும் எழுத்தில் தொடங்கிய வாக்குவாதம் எழுத்திலேயே முற்றியது. வருடம் முடிவதற்குள் ஆவுடையப்பன் அவரைக் குழுவிலிருந்து நீக்கச் சொன்னார். தமயந்தி நீக்கிவிட்டார். அதன்பிறகு இருவரும் அந்தப் பெயரைப் பேசியதில்லை. இன்று பேச்சுவாக்கில் வந்துவிட்டது. தமயந்தி எழுந்து போய் ஜன்னலைத் திறந்தார்.

பிறகு சொன்னார்.

“சரி, தூக்குங்க. அதுக்கான உரிமையை உங்களுக்கே கொடுத்துடுறேன்.”

ஆவுடையப்பன் இதை எதிர்பார்க்கவில்லை.

“ஒரே ஒரு விஷயம் அண்ணாச்சி. அவர்கிட்ட நேர்ல சொல்லிடுங்க. சொல்லிட்டு அப்புறம் பொத்தானை அமுக்குங்க.”

“நேர்லன்னா எங்க வச்சி?”

“கூட்டத்துலதான்.”

ஆவுடையப்பன் தலையாட்டிவிட்டுக் கிளம்பினார். அப்படியானால் இந்த வருடம் கூட்டம் உண்டு என்று ஆகிவிட்டது. இது பஸ் சாத்தூரைத் தாண்டிய பிறகுதான் அவருக்கு உறைத்தது.

ஆடி மாதம். கல்யாணம் இல்லாத ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து, ஒரு மண்டபத்தின் சாப்பாட்டுக்கூடத்தைப் பிடித்திருந்தார்கள். போட்ட நாற்காலிகளில் பாதி காலி. மைக் கீச்சிட்டது. மின்விசிறிகள் சத்தம் போட்ட அளவுக்குக் காற்று தரவில்லை. சேலத்திலிருந்து வந்தவர் முதல் பேச்சிலேயே உட்கார்ந்தபடி தூங்கிவிட்டார். தமயந்தி காலையிலிருந்து தண்ணீர் கேனுக்கும் சாப்பாட்டுப் பொட்டலத்துக்கும் நடுவில் ஓடிக்கொண்டிருந்தார். இந்தப் பாடுபடுவதற்கு இன்னொரு மென்பொருளே எழுதிவிடலாம் என்று பார்க்கிற யாருக்கும் தோன்றும்.

முன்பு நடந்த கூட்டங்களுக்கெல்லாம் முதுகு வலி என்று எழுதிவிட்ட ஆவுடையப்பன் முதல்முறையாக வந்திருந்தார். சொல்ல வேண்டியதை வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்தபடி வந்தார். மூன்றே வாக்கியம். கோபம் இருக்காது, மரியாதை குறையாது. இருதயராஜ் நெடுநெடுவென்று, மீசையும் மிதப்புமாக இருப்பார் என்று அவர் எப்படியோ முடிவு கட்டியிருந்தார்.

கை கழுவும் இடத்தில் ஒரு குள்ளமான மனிதர் கக்கத்தில் பொட்டலத்தோடு அவர் முன்னால் வந்து நின்றார்.

“ஆவுடையப்பன் சாரா?”

“ஆமா.”

“நான் இருதயராஜ்.”

சொல்லிவிட்டு அவருடைய ஈரக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். விடவில்லை.

“உடம்புக்கு ஒண்ணும் இல்லையே சார்?”

“எனக்கா? என்ன உடம்புக்கு?”

“கொஞ்ச நாளா உங்க பதில் சின்னதாப் போச்சே சார். முன்னாடியெல்லாம் பக்கம் பக்கமா எழுதுவீங்க. நான் ஏதும் தப்பாக் கேட்டுட்டேனா, இல்ல உங்களுக்குத்தான் சுகமில்லையான்னு வீட்டுல பேசிக்கிட்டே இருந்தோம்.”

மூன்று வாக்கியத்தில் முதலாவதைக்கூட ஆவுடையப்பன் தொடங்கவில்லை.

“அவ்வளவு கேள்வி என்னத்துக்குக் கேக்கீங்க?” என்று மட்டும் கேட்டார்.

“தெரியாதுல்லா சார். நான் படிச்சது பத்தாவது. கருவாட்டு வியாபாரம். கடைக்குன்னு பெட்டிக்கடையை எடுத்தேன். பார்சல் கட்டணம் தப்பாக் காட்டிச்சு. என்னன்னு பாக்க உள்ள நுழைஞ்சவன்தான். சொல்லிக்குடுக்க எனக்கு யாரு இருக்கா? நீங்க ஒருத்தர்தான் கேட்டதுக்கெல்லாம் பொறுமையாச் சொன்னீங்க.”

“பொறுமையாவா?”

“பின்ன? எவ்வளவு எழுதியிருக்கீங்க!”

ஆவுடையப்பன் குழாயை மூடினார். அது முன்பே மூடித்தான் இருந்தது.

“ஒரு வணக்கமாவது போடலாம்லா,” என்றார். குரலில் வலு இல்லை.

இருதயராஜ் நாக்கைக் கடித்துக்கொண்டார். “பார்சல் கட்டிக்கிட்டே இருப்பேன் சார். கை பூராவும் உப்பு. கேள்வி மறந்து போறதுக்குள்ள ஒத்த விரலைத் துடைச்சிட்டு போன்ல தட்டுவேன். நீங்க ஒண்ணும் நினைச்சுக்கிடலையே?”

“இல்ல.”

இருதயராஜ் கக்கத்திலிருந்த பொட்டலத்தை நீட்டினார். செய்தித்தாளில் சுற்றி, பாலித்தீனில் சுற்றி, மறுபடியும் செய்தித்தாளில் சுற்றியிருந்தது. அப்படியும் வாசம் முன்னால் வந்தது.

“நெய்மீன் கருவாடு சார். உங்களுக்குன்னே வீட்டுல எடுத்து வச்சா.”

ஆவுடையப்பன் வீட்டில் முட்டைகூட நுழைந்ததில்லை. அவர் பொட்டலத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

மத்தியானம் முழுக்க இரண்டு பேரும் ஒரே மடிக்கணினி முன்னால் உட்கார்ந்திருந்தார்கள்.

“இந்த வரி எதுக்கு சார்?” என்று இருதயராஜ் கேட்டார்.

ஆவுடையப்பன் அந்த வரியை வெகுநேரம் பார்த்தார்.

“தேவையில்லதான்,” என்று சொல்லி அதை அழித்தார்.

கூட்டம் முடியும்போது, அடுத்தது எப்போது என்று யாரோ கேட்டார்கள். பார்க்கலாம் என்று தமயந்தி சொன்னார். சொன்ன விதத்திலேயே இனிக் கூட்டம் இல்லை என்று தெரிந்துவிட்டது. இருதயராஜ் தூத்துக்குடி பஸ்ஸைப் பிடிக்க ஓடினார். ஆட்கள் கலைந்தார்கள். தமயந்தி சுவரோரமாக ஒரு நாற்காலியில் சாய்ந்து, செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டிக்கொண்டார். ஆவுடையப்பன் மற்ற நாற்காலிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கத் தொடங்கினார்.

“சொல்லிட்டீங்களா அண்ணாச்சி?”

“இல்ல.”

“மேசை மேல என்ன பொட்டலம்?”

“கருவாடு. இருதயராஜ் குடுத்தாரு.”

“நீங்க சைவமாச்சே.”

“அவருக்கு அது தெரியாதுல்லா அக்கா. நாலு வருஷமா எழுதுதோம்.”

தமயந்திக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கத் தெம்பில்லாமல் அது பாதியில் நின்றது.

“அடுத்த கூட்டத்துக்கு நாளு குறிச்சிருக்கலாம்லா,” என்றார் ஆவுடையப்பன்.

“முடியலை அண்ணாச்சி. ஒவ்வொருத்தருக்கா போன் பண்ணி, கெஞ்சி, வரவழைச்சு. பாதிப் பேர் வரலை. வந்தவங்களும் எதுக்கு வந்தோம்னு முழிச்சாங்க. இதோட போதும்னு இருக்கு.” தமயந்தி கண்ணை மூடிக்கொண்டார்.

ஆவுடையப்பன் அடுத்த வரிசைக்குப் போனார். நாலைந்து நாற்காலிகளை அடுக்கினார். அடுத்ததைத் தூக்கியவர் அதைக் கீழே வைக்காமல் அப்படியே நின்றார்.

“அக்கா.”

“ம்.”

“கனகவல்லி எப்படிப்பட்டவங்க?”

தமயந்தி கண்ணைத் திறந்தார். பிறகு குனிந்து, கழற்றிவிட்ட செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு எழுந்தார். வந்து அவர் கையிலிருந்த நாற்காலியின் மறுபக்கத்தைப் பிடித்தார்.

“எனக்கும் தெரியாது அண்ணாச்சி. போன வருஷம் நாம கூட்டமே கூடலையே.”