வாளியில் எண்ணூறு வருஷம்

சியோல் நகரத்து நீதிபதி சோவிடம் பழங்காலக் கொரியச் சாடிகள் சரியாகப் பன்னிரண்டு இருந்தன. தட்டிப் பார்த்தே வயதைச் சொல்லிவிடுவேன் என்று பெருமையடிப்பார்.

விருந்தாளிகள் வருகிறார்களே என்று வேலைக்காரி ஒக்பூன் ஒரு பச்சைச் சாடியைத் தேய்த்துக் கழுவினாள். பழுப்பெல்லாம் போய் அது பளபளவென்று நின்றது.

"அடிப் பாவி! எண்ணூறு வருஷத்தைக் கழுவித் தொலைச்சிட்டியே!" விருந்தாளிகள் முன்னாலேயே சோ குதித்தார். "அத்தனை வருஷத்தையும் இப்பவே கொண்டா. இல்லேன்னா மூட்டையைக் கட்டு!"

ஒக்பூன் உள்ளே போய், சாடி கழுவின அழுக்குத் தண்ணீர் இருந்த வாளியைத் தூக்கி வந்தாள்.

"இந்தாங்க எசமான், எண்ணூறு வருஷம். ஒரு சொட்டுக்கூடச் சிந்தலை. மோந்து பாருங்க, தேயிலைச் சாயமும் செருப்புப் பாலிஷும் மணக்குது. நிஜமான வயசு தண்ணிக்குப் போகுமா?"

விருந்தாளிகள் ஒவ்வொருவராகக் குனிந்து மோந்தார்கள்.

"ஏன் சோ, தட்டினப்போ சாடி இதைச் சொல்லலையா?" என்றார் ஒருவர். கூடம் சிரிப்பில் அதிர்ந்தது.

"மிச்சம் பதினொண்ணு இருக்கு எசமான். வெந்நீர் இன்னும் ஆறலை. அதையும் கழுவட்டுமா?"

சோ இரண்டு கைகளையும் விரித்து அலமாரியை மறைத்துக்கொண்டார்.

"வேண்டாம்மா, வேண்டாம்! வேலை உனக்குத்தான். முதல்ல அந்த வாளியை உள்ளே கொண்டு போ!"