உப்புப் பார்க்க வந்தவர்

மலையடிவாரத்து மடத்தில் அடுப்படி கோமதிநாயகத்தின் பொறுப்பு. தென்காசியில் ஓட்டல் நடத்தியவர். மனைவி போன பிறகு கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு, மடத்தின் தலைவி வடிவாம்பிகை அம்மையாரிடம் சீடராக வந்து சேர்ந்தார். அம்மையார் அவரைவிட இளையவர். ஆனாலும் அவருக்கு அம்மையார் 'தாயே'தான்.

அந்த வருஷம் அடைமழையில் கோமதிநாயகம் காய்ச்சலில் விழுந்தார். காய்ச்சல் போகும்போது மூக்கின் வாசனையையும் நாக்கின் ருசியையும் கூடவே கொண்டுபோய்விட்டது. பெருங்காயமும் சாம்பலும் அவருக்கு ஒன்றாகிவிட்டன.

யாரிடமும் சொல்லவில்லை. ருசி தெரியாத சமையல்காரனுக்கு மடத்தில் என்ன வேலை என்று பயம். கைப்பழக்கத்தை நம்பியே சமைத்தார்.

ஒருநாள் பருப்பு தீய்ந்தது. அவர் பக்கத்தில் நின்று கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். புகை கண்ணில் கரித்த பிறகுதான் திரும்பினார். அதற்குள் பழைய அலுமினியப் பானையின் அடி கறுத்து ஓட்டையே விழுந்துவிட்டது. மேலாக இருந்த பருப்பை வழித்து வேறு பாத்திரத்துக்கு மாற்றினார்.

அன்று பந்தியில் பாதிப் பேர் பருப்பை ஒதுக்கிவைத்தார்கள். அம்மையார் இரண்டாம் தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

"நாயகம், நாளைக்குத் தென்காசி போவோம். புதுப் பாத்திரம் வாங்கணும்" என்றார்.

எப்போதும் பாத்திரத்தின் அடியைத் தட்டிப் பார்த்து வாங்கும் கோமதிநாயகம் அன்று கடையில் தட்டவில்லை. எந்தப் பாத்திரத்தைக் கொடுத்தாலும் வெளிச்சத்தில் சாய்த்து உள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, பித்தளை எடுங்க. மடத்துக்கு அதுதான் லட்சணம்" என்றார் கடைக்காரர்.

"வேண்டாம். எவர்சில்வர்தான் வேணும். உள்ள நல்லா பளபளன்னு இருக்கணும்."

அம்மையார் பணத்தை எண்ணிக் கொடுத்தார். அடி கனமான எவர்சில்வர் பாத்திரம் ஒன்று மடத்துக்கு வந்தது.

மறுநாள் காலை அதில் ரவை வறுத்தார். வெள்ளை மெல்லப் பழுப்பாகும் பதத்தைக் கண்ணாலேயே பிடித்தார். கடுகு வெடித்தது காதில் விழுந்தது. கறிவேப்பிலை சுருண்டது தெரிந்தது. பல நாளாக இல்லாத தெம்பு வந்தது அவருக்கு. தண்ணீரை ஊற்றி, கொதி வந்ததும் ரவையைக் கொட்டிக் கிளறினார். உப்புமா மேலே இளம்பழுப்பாகப் பளிச்சென்று இருந்தது. சந்தோஷமாகத் தட்டைப் போட்டு மூடினார்.

அம்மையார் அடுப்படி வாசலில் வந்து நின்றார்.

"நாயகம், வாசனை வரலையா?"

பதறிப்போய்த் தட்டைத் தள்ளி, கரண்டியை உள்ளே விட்டுக் கிளறினார். அடி முழுக்கக் கருப்பு.

கோமதிநாயகம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"வரல தாயே. மழைக்காலத்துலேருந்தே வரல. நாக்கும் செத்துப்போச்சு. உள்ள பளபளன்னு இருந்தா நிறம் மாறுறது தெரியும், கண்ணை வச்சே சமாளிச்சிரலாம்னுதான் இதை வாங்கினேன். மேலதான் தெரியுது. அடியில நடக்குறது தெரியல."

அம்மையார் அடுப்பை அணைத்தார். தீயாத பகுதியை மேலாக வழித்து வேறு தட்டுக்கு மாற்றினார். பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி ஊறவைத்தார்.

"ஊர்ல என் தம்பி இருக்கான், தாயே. நான் கிளம்புறேன். நல்ல ஆளாப் பார்த்து வச்சுக்கிடுங்க."

"நாளைக்கு என்ன சமையல்?" என்று கேட்டார் அம்மையார்.

"நாளைக்கா?"

"சாம்பாரா, புளிக்குழம்பா?"

"...சாம்பார்."

"சரி. உப்புப் பார்க்க நான் வரேன்."

மறுநாளிலிருந்து பூசை முடிந்ததும் அம்மையார் நேரே அடுப்படிக்கு வந்தார். கோமதிநாயகம் கரண்டியைச் சாய்ப்பார். அம்மையார் உள்ளங்கையில் வாங்கி நக்குவார். "புளி தூக்கலா இருக்கு." "இன்னும் ஒரு கல்லு உப்பு." அடுப்பில் ஏதாவது இருக்கும்வரை அங்கேயே உட்கார்ந்திருப்பார். வாசனை மாறினால், "நாயகம், கிளறுங்க" என்பார். மடத்தின் தலைவி அடுப்படியில் முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருப்பதைப் பார்த்து, வந்தவர்கள் முதலில் திகைத்தார்கள். பிறகு அங்கேயே வந்து அவர் காலில் விழுந்தார்கள்.

பந்தியில் எல்லாரும் இலையை வழித்துச் சாப்பிடுவார்கள். கோமதிநாயகம் வாசல் ஓரம் நின்று பார்ப்பார். கண் கலங்கும். பாத்திரத்தைத் தானே விளக்கி, துணியால் துடைத்துக் கவிழ்ப்பார்.

தை பிறந்தது. சர்க்கரைப் பொங்கலைக் கிளறியவர் சட்டென்று நிறுத்தினார்.

"தாயே, அன்னைக்குத் தீய்ஞ்ச பருப்பை மறுபடி கேட்டு வாங்கினீங்களே, ஏன்?"

"பசிச்சுது."

அவர் சிரித்துவிட்டார். ஒரு கரண்டிப் பொங்கலைக் கொஞ்சம் ஆறவைத்து அம்மையாரின் உள்ளங்கையில் இட்டார். கண்ணை மூடிச் சாப்பிடும் அந்த முகத்தையே பார்த்தார். நன்றி சொல்ல வாய் திறந்தார். வேறு கேள்விதான் வந்தது.

"என் நாக்கு எனக்குத் திரும்பி வருமா தாயே?"

அம்மையார் உள்ளங்கையில் ஒட்டியிருந்ததையும் மிச்சம் வைக்காமல் நக்கி முடித்தார். பிறகு சின்னப் பிள்ளை மாதிரி நாக்கை நீட்டிக் காட்டினார்.

"இது யாரோடதுன்னு நெனச்சீங்க?"