பத்து லட்சத்து மூன்று

அந்த எண்மடத்தில் ஒரு விசித்திரமான வழக்கம். சேருகிற சீடருக்கு ஒரு பெரிய எண்ணைக் கொடுப்பார்கள். ஒன்றையும் அந்த எண்ணையும் தவிர, மீதியில்லாமல் அதை வகுக்க வேறு ஏதாவது எண் உண்டா என்று பார்க்க வேண்டும். இரண்டு, மூன்று, நான்கு என்று வரிசையாக வகுத்து, ஒவ்வொரு விடையையும் கரியால் சுவரில் எழுத வேண்டும்.

செண்பகவல்லிக்குக் கிடைத்தது பத்து லட்சத்து மூன்று. பாவம், ஆயிரத்தால் வகுத்து எழுதிய அன்று காய்ச்சலில் படுத்தவள் எழுந்திருக்கவே இல்லை. வயது முப்பத்தொன்றுதான்.

ஏழு மாதம் கழித்து அண்ணன் வைரவன் வந்தான். உப்பளத்து மேஸ்திரி, விடாக்கண்டன். தங்கை எழுதிய சுவரும் அதே எண்ணும்தான் வேண்டும் என்று நின்றான். குரு மெய்யம்மைக்கு அவனைவிட இருபது வயது குறைவு. கரியை எடுத்துக் கொடுத்தாள்.

எட்டு நாள் தங்கையின் கணக்கைச் சரிபார்த்தான். ஒன்பதாம் நாள் குருவிடம் போனான்.

“அம்மா, தினம் உச்சிவேளையில சுவத்துல கரி உரசுற சத்தம் கேக்குது. என் கை சும்மாத்தான் இருக்கு.”

“யாருன்னு நெனைக்கிறீங்க?”

“வேற யாரு? வேலை பாதியில நிக்குதே, அவ எப்படி அடங்குவா? பத்து லட்சத்துல ஆயிரம்தானே தாண்டியிருக்கா! மிச்சத்த நான் முடிச்சிட்டா நிம்மதியாப் போயிருவா.”

“செஞ்சு பாருங்க.”

ஆயிரத்தொன்றால் வகுத்தான். ஈவு 999, மீதி 4. எழுதக் கையைத் தூக்கினால், தங்கையின் வரி ஒன்று கண்ணில் பட்டது. வகுத்தது 999, ஈவு 1001, மீதி 4.

காக்கா உட்காரப் பனம்பழம் விழுந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

ஆயிரத்திரண்டு. ஈவு 998, மீதி 7. அதற்கும் மேலே அவள் வரி: 998, 1002, மீதி 7. அடுத்ததை அவன் வகுக்கவே இல்லை. இன்னும் ஒரு வரி மேலே பார்த்தான். 997, 1003, மீதி 12. கரியைப் போட்டுவிட்டுக் குருவிடம் ஓடினான்.

“அம்மா! நான் போடப்போற கணக்கெல்லாம் அவ முன்னாடியே எழுதி வச்சிருக்கா! என்னை வரவிடாம குறுக்க நிக்கிறா!”

மெய்யம்மை கேட்டாள். “ஆயிரத்துக்கு மேல உள்ள ஒரு எண் இதை மீதியில்லாம வகுத்தா, ஈவு எவ்வளவு வரும்?”

“ஆயிரத்துக்குள்ளதான் வரும்.”

“அந்த ஈவும் இதை மீதியில்லாம வகுக்கணுமே. ஆயிரம் வரைக்கும் பாத்தது யாரு?”

“அவதான்.”

“ஒண்ணாவது வகுத்துதா?”

“இல்ல.”

“அப்போ அதுக்கு மேல என்னத்தத் தேடுறீங்க?”

அவனுக்குப் புரிய நேரம் பிடித்தது. புரிந்ததும் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

“அப்ப என் தங்கச்சி பாதியில போகலையா? முடிச்சிட்டாளா?”

“முழுசா முடிச்சிட்டா.”

சுவர்ப்பக்கம் கரி உரசியது. அங்கே யாரும் இல்லை. இருவருக்குமே கேட்டது.

“பின்ன ஏம்மா இந்தச் சத்தம்?”

“அவ போய் ஏழு மாசம் இந்த மண்டபத்துல ஒரு சத்தமும் இல்ல, ஐயா. நீங்க வந்த அன்னிக்குத்தான் ஆரம்பிச்சுது.”