ஏழரை மணி பஸ்

ஆறு இடியாப்ப மிஷின்களையும் திங்கட்கிழமை திருப்பித் தருவதாக ஆனைக்குளத்துப் பெண்கள் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

வேதமுத்துவுக்கு ஐம்பத்தேழு வயது. லேத் பட்டறையில் முப்பது வருஷம் ஓட்டிவிட்டு, கையால் சுற்றும் சமையல் கருவிகள் செய்யும் பரிமளத்திடம் சிஷ்யராகச் சேர்ந்தவர். குரு அவரைவிடப் பதினைந்து வயது இளையவர்.

"மேஸ்திரியம்மா, நாலு தடவை மாத்திட்டேன். கைப்பிடியை நீட்டினேன். திருகு மரையைப் பொடிசா வெட்டினேன். இப்ப ரெண்டு விரல்லயே சுத்தலாம். இன்னும் இதுல என்னதான் குறை?"

பரிமளம் வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "அங்க போய்ப் பார்த்தீங்களா?"

"மாசம் ரெண்டு தடவை போறேன். முதல் பஸ்ல போவேன். அவங்க பிழியறதை ஒண்ணுவிடாம பார்ப்பேன். ஏழரை பஸ்ல திரும்பிடுவேன். நல்லாயிருக்குன்னுதான் ஆறு பேரும் சொல்றாங்க."

"நாளைக்கு நானும் வர்றேன்."

"மிஷின் திரும்பி வந்துட்டா நான் இத்தோட விட்டுடறேம்மா. இன்னொரு தடவை மாத்தத் தெம்பில்லை."

பரிமளம் கண்ணாடியை இறக்கிக்கொண்டு வெல்டிங்கைத் தொடர்ந்தார்.

மறுநாள் விடியும்போது இருவரும் ஆனைக்குளத்துக் கொட்டகையில் இருந்தார்கள். அடுப்புகள் எரிந்துகொண்டிருந்தன.

"வாங்க மிஷின்காரரே" என்றாள் தங்கப்பொண்ணு. அந்தக் குழுவுக்கு அவள்தான் தலைவி. "பொறந்த வீட்டுலேருந்து ரெண்டு பேரா வந்திருக்கீங்க. மிஷினுக்குச் சீர் எதுவும் கொண்டாரலையா?"

எல்லோரும் சிரித்தார்கள். வேதமுத்துவுக்குச் சிரிப்பு வரவில்லை.

பிழிவதில் ஒரு குறையும் தெரியவில்லை. கைப்பிடி லேசாகச் சுற்றியது. தட்டுத் தட்டாக இடியாப்பம் வெந்து கூடைகளில் ஏறியது. டவுன் ஓட்டல்களுக்குப் போக வேண்டிய கூடைகள். ஏழரை பஸ்ஸின் ஹார்ன் கேட்டதும் பெண்கள் அவற்றைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். வேதமுத்துவும் பழக்கத்தில் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

பரிமளம் அசையவில்லை.

"பஸ் வந்துடுச்சு, மேஸ்திரியம்மா."

"போகட்டும்."

"அடுத்தது பன்னெண்டரைக்குத்தான்."

"தெரியும்."

பஸ் போனது. பெண்கள் திரும்பி வந்து டீ குடித்தார்கள். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்கள். அதற்குப் பிறகுதான் மிஷின்கள் ஒவ்வொன்றாகக் குழாயடிக்கு வந்தன. மரை இடுக்கில் ஏறியிருந்த மாவு அதற்குள் காய்ந்து இறுகிவிட்டது.

பரிமளம் ஒரு மிஷினை எடுத்து வேதமுத்துவின் முன் வைத்தார். விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவிக் கொடுத்தார்.

"கழுவுங்க."

அவர் தண்ணீர் ஊற்றினார். மாவு பசையானது. ஈர்க்குச்சியால் நோண்டினார், அது முறிந்தது. நகத்தால் நோண்டினார்.

ஏழாவது பெண் செல்லக்கனிக்கு மிஷின் கிடைக்கவில்லை. அவள் தன் பழைய மர அச்சை இரண்டாகப் பிரித்தாள். வாளியில் ஒரு முக்கு, தேங்காய் நாரால் ஒரு தேய், வெயிலில் கவிழ்த்தாள். வேலை முடிந்தது.

"அன்னிக்குச் சீட்டுக் குலுக்கிப் போட்டப்போ எனக்கு விழலையேன்னு அழுதேன்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனாள்.

வேதமுத்து மூன்றாவது குடத்தைச் சாய்த்துக்கொண்டிருந்தார். விரல் நுனி எரிந்தது.

"ஏம்மா, இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே?"

தங்கப்பொண்ணு தலை குனிந்துகொண்டாள். "அவ்வளவு தூரத்துலேருந்து வர்றீங்க. முகத்துக்கு நேரா எப்படிச் சொல்றது? நீங்க வர்ற அன்னிக்கு மட்டும்தான் இதை வெளியவே எடுக்கிறோம்."

அவர் கையிலிருந்த திருகை வெகுநேரம் பார்த்தார். பொடி மரை. அவரே வெட்டியது.

"திங்கக்கிழமை வரைக்கும் எதுக்கு? இப்பவே எடுத்துட்டுப் போயிடுங்களேன்" என்றாள் தங்கப்பொண்ணு.

"ஒண்ணை மட்டும் கொடுங்க. மாத்தி எடுத்துட்டு வர்றேன்."

பிறகு அவர் பரிமளத்தின் பக்கம் திரும்பினார். "மரையை அகலமா வெட்டினா கழுவறது சுலபம். ஆனா பிழியறது கனமாயிடும். இதுல எதை விடறது, மேஸ்திரியம்மா?"

பரிமளம் அடுத்த மிஷினை அவர் பக்கம் நகர்த்தினார்.

"இன்னும் அஞ்சு இருக்கு, அண்ணே. கழுவுங்க."