கொம்பையாவும் ஒத்தை நரியும்

கறிக்கோழிக் கடை கொம்பையாவின் பேச்சில் எதுவும் நாற்பதுக்குக் குறையாது. தேள் அடித்தாரென்றால் நாற்பது தேள். விரால் பிடித்தாரென்றால் நாற்பது விரால், அதில் ஒன்று மோட்டார் சைக்கிளில் அவருக்குப் பின்னால் உட்கார்ந்து வீடு வரை வந்திருக்கும். புதுக்காலனியில் ஒருவரும் அவரை நம்புவதில்லை. ஆனால் அவர் வாயைத் திறந்துவிட்டால் ஒருவரும் எழுந்து போவதுமில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை அவர் அரசு சுகாதார நிலையத்தில், ஊசி அறைக்கு வெளியே கிடந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் டெய்லர் வேதமாணிக்கம். தெருநாய் கடித்து இரண்டாவது ஊசிக்கு வந்தவர் டெய்லர்தான். கொம்பையா சும்மா துணைக்கு வந்ததாகச் சொல்லிக்கொண்டார். பெஞ்சில் இன்னும் ஐந்தாறு பேர், எல்லாரும் நாய்க்கடிக்காரர்கள்.

"ஒரு சொறிநாயிட்ட கடி வாங்கிட்டு இப்படிக் காலை நீட்டி உக்காந்திருக்கேரே, வெக்கமா இல்லையாவே?" என்று ஆரம்பித்தார் கொம்பையா. "ஞாயித்துக்கிழமை விடியக்காலம் எனக்கு வந்தது நரி."

"எத்தன? நாப்பதா?" என்றார் டெய்லர்.

"அவசரப்படாதீரும். மொதல்ல வந்தது ஏழுதான். அது வேவு பாக்க வந்த கூட்டம். மிச்சம் முப்பத்துமூணும் உடமரக் காட்டுக்குள்ள ஒளிஞ்சு நிக்கி."

பெஞ்சில் இருந்தவர்கள் நெருங்கி உட்கார்ந்தார்கள். கொம்பையா கையில் இருந்த பாட்டிலைத் திறந்து இரண்டு மடக்குத் தண்ணீர் குடித்தார்.

காலனிக்குப் பின்னால் ஓர் ஓடை. ஓடையைத் தாண்டினால் முள்ளும் புதருமாக உடைமரக் காடு. கொம்பையா தினமும் விடியும்போது கடைக் கழிவை, கோழிக் குடலும் தலையும் இறகுமாக ஒரு சாக்கு நிறைய, அந்த ஓடையில்தான் கொட்டுவார். நரி வருகிறது, கொட்டாதீர் என்று காலனிக்காரர்கள் ஒரு வருஷமாகக் கத்துகிறார்கள். 'என்னைப் பாக்கத்தான் வருது, உங்களுக்கென்ன' என்பார்.

"ஒவ்வொண்ணும் கன்னுக்குட்டி தண்டி இருக்கும் பாத்துக்கிடும். ஏழும் என்னைச் சுத்தி வட்டம் கட்டுது. நான் அசையல. ஒண்ணோட வாலைப் புடிச்சேன், தலைக்கு மேல மூணு சுத்து சுத்தி விட்டேன். எங்க போய் விழுந்துச்சுங்கீரு? திருச்செந்தூர் போற பஸ்ஸு மேல. கண்டக்டர் அதுக்கு அரை டிக்கெட் போட்டுட்டாரு."

"லக்கேஜ் டிக்கெட்டுல்லா போடணும்?" என்றார் கையில் கட்டுப் போட்டிருந்த ஒருவர்.

"வாலை வெளிய விட்டுக்கிட்டு உக்காந்துட்டா லக்கேஜா அண்ணாச்சி? கேளும். அப்புறந்தான் தலைவன் வாரான். நல்ல வெளிச்சம் வந்துட்டு, அவனுக்குப் பயமே இல்ல. வாயில நுரை. சும்மா நுரையில்லவே, ஓடை ரொம்பி வழியுது. சோப்புத் தண்ணின்னு நெனச்சு ரெண்டு பொம்பளையாளுக துணி மூட்டையோட வந்து துவைக்கவே ஆரம்பிச்சிட்டாளுக."

"வெள்ளை நல்லா வந்துச்சாமா?" என்றார் டெய்லர்.

"நான் போட்டிருக்கேனே, இந்த வேட்டி அதுல துவைச்சதுதான்!"

பெஞ்சே குலுங்கிச் சிரித்தது. கொம்பையாவும் சிரித்தார், உடனே இன்னும் இரண்டு மடக்குத் தண்ணீர் குடித்தார்.

"என்னவே, வந்ததுலேருந்து மூணு பாட்டில் ஆச்சு. ஒட்டகமாவே நீரு?" என்றார் டெய்லர்.

கொம்பையா பாட்டிலை மூடி, வேட்டியைக் கால்வரை இழுத்துவிட்டுக்கொண்டார். அந்த வெள்ளை வேட்டிக்கு அடியில், இடது கெண்டைக்காலில், மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்து அப்பிய கட்டு ஒன்று இருந்தது. பெண்டாட்டி பிரமுவிடம்கூடச் சைக்கிள் மிதி கிழித்துவிட்டது என்றுதான் சொல்லியிருந்தார். வெறி பிடித்தால் தண்ணீரைக் கண்டு பயம் வரும் என்று எங்கேயோ கேட்டிருந்ததால், ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அடிக்கடி குடித்துப் பார்க்கிறார். இதுவரை இறங்குகிறது. அடுத்த மடக்கு இறங்குமா என்பதுதான் கேள்வி.

ஊசி அறைத் திரை விலகியது. நர்ஸ் லில்லி புஷ்பம் வெளியே வந்து நின்றாள். அவள் முகத்தில் சிரிப்பில்லை.

"அண்ணாச்சி, விளையாட்டை விடுங்க. பகல் வெளிச்சத்துல நரி வந்துச்சா?"

"வந்துச்சு."

"உங்களைக் கண்டு ஓடலையா?"

"என்னைக் கண்டா எதுதான் ஓடும்? தள்ளாடித் தள்ளாடி நேரா வந்து..."

"தள்ளாடுச்சா? எச்சி வடிஞ்சுச்சா?"

"என்னைப் பாத்த பயத்துல..."

"பயமில்ல அண்ணாச்சி, வெறி. நல்ல நரி மனுசன் வாடை அடிச்சாலே ஓடிரும். இப்படி வாற நரி கடிச்சா, உடனே ஊசி போட்டாப் பொழச்சுக்கலாம். நோவு வெளிய தெரிஞ்சு போச்சுன்னா அப்புறம் எந்த டாக்டராலயும் ஒண்ணும் செய்ய முடியாது."

"தண்ணி... தண்ணி குடிக்க முடிஞ்சா நோவு இல்லன்னுதானே அர்த்தம்?"

"தண்ணிக்குப் பயம் வாறது கடைசியில. அது வந்தப்புறம் இங்க வந்து பிரயோசனமில்ல."

கொம்பையா பாட்டிலைப் பெஞ்சுக்கு அடியில் தள்ளினார். பெஞ்சில் இருந்த எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். ஒத்தை வார்த்தையில் சொல்லிவிடலாம். ஆனால் முப்பது வருஷமாக மேலே ஏறியே பழகிய நாக்கு. கீழே இறங்க அதற்கு வழி தெரியவில்லை.

"சிஸ்டர், ஒரு பேச்சுக்குக் கேக்கேன்" என்றார் மெதுவாக. "ஒரு மனுசன்... நரியைக் கடிச்சிட்டான்னு வச்சிக்கிடுவோம். அவனுக்கு ஊசி உண்டா?"

"யாரு கடிச்சா?"

"நாந்தான். அந்தத் தலைவன் நரியை. கோவத்துல கழுத்துல ஒரே கடி."

டெய்லர் பெஞ்சிலிருந்து வழுக்கித் தரையில் உட்கார்ந்துவிட்டார். நர்ஸ் கண்ணைக்கூட இமைக்கவில்லை.

"சரி, உண்டு. உங்க உடம்புல காயம் இருக்கா?"

"ஒண்ணு இருக்கு. அதுவும் நான் கடிச்சதுதான். நரியைக் கடிக்கப் போனேன், அது விலகிட்டு, என் பல்லு என் மேலயே பட்டுட்டு."

"எங்க?"

கொம்பையா வேட்டியைக் கொஞ்சமாக உயர்த்தினார். மஞ்சள் கட்டு தெரிந்தது.

"பின்னங்கால் கெண்டைச் சதைய உம்ம பல்லு எப்படிவே எட்டும்?" என்று தரையிலிருந்து கேட்டார் டெய்லர். "எங்க, ஒருதரம் செஞ்சு காட்டும் பாப்போம்."

கொம்பையா உண்மையிலேயே குனிந்தார். தொப்பை தடுத்தது. வாய் முழங்காலைத் தாண்டவில்லை. குனிந்தவர் அப்படியே கிடந்தார், நிமிரவில்லை. சற்று நேரம் கழித்துத்தான் அவர் தோள் குலுங்குவது மற்றவர்களுக்குத் தெரிந்தது. யாரும் சிரிக்கவில்லை.

"ஒண்ணுதான் சிஸ்டர்" என்றார், தரையைப் பார்த்தபடி. "ஒத்தை நரி. எலும்பும் தோலுமா இருந்துச்சு. நான் சாக்கைக் கொட்டிட்டு நிமிருதேன், அது என்னைப் பாக்கக்கூட இல்ல, நடந்து வந்து காலைக் கவ்விட்டுப் போச்சு. சாக்கைப் போட்டுட்டு ஓடுனேன், திரும்பியே பாக்கல. எம்பொண்டாட்டிக்குக்கூடத் தெரியாது. நான் செத்துப் போவேனா?"

"மாட்டீங்க. எழுந்திருங்க" என்றாள் லில்லி புஷ்பம்.

குழாயடியில் நிறுத்தி, சுண்ணாம்பும் மஞ்சளும் போகும்வரை சோப்புப் போட்டுக் கால்மணி நேரம் காயத்தைக் கழுவினாள். டாக்டர் வந்து பார்த்தார். காயத்தைச் சுற்றி ஒரு மருந்தைக் குத்தினார்கள், கையில் ஊசி போட்டார்கள். மறு ஊசிகளுக்கு நாள் குறித்த சீட்டைக் கொடுக்கும்போது நர்ஸ் சொன்னாள்:

"அந்த நரி இன்னும் அங்கனதான் திரியும். பிள்ளைங்க பள்ளிக்கூடம் போறது அந்த ஓடை வழியாத்தானே? வனத்துறைக்கு நாங்க சொல்லுதோம். காலனிக்கு நீங்கதான் சொல்லணும், உள்ளதை உள்ளபடி. கழிவை இனிமே குழி தோண்டிப் புதைக்கணும்."

உள்ளதை உள்ளபடி. அந்த வேலை மட்டும் கொம்பையாவுக்குப் பழக்கமில்லை.

அன்று மதியமே, தெருக்குழாயில் பதினைந்து குடம் வரிசையில் இருக்கும்போது போய் நின்றார். "எல்லாரும் கேளுங்க. ஒரே ஒரு நரி. மெலிஞ்ச நரி. வெறி பிடிச்சது. என்னைக் கடிச்சிட்டு. நான் பயந்து, திரும்பியே பாக்காம ஓடியாந்துட்டேன். பிள்ளைகளை ஓடைப் பக்கம் விடாதீங்க."

குடங்கள் நின்றன. வாட்டர்டேங்க் எஸ்தர், காலனியில் யாருக்கும் அஞ்சாதவள், இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"நீரு ஓடுனீரா?"

"ஓடுனேன்மா."

"ஒத்தை நரிக்கா? அண்ணாச்சி, நீரு எவ்வளவோ புளுகியிருக்கேரு, ஆனா இது ரொம்ப அதிகம்."

கொம்பையா வேட்டியைத் தூக்கிக் கட்டைக் காட்டினார். ஊசிச் சீட்டைக் காட்டினார். எஸ்தர் சீட்டை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்தாள். அவள் முகம் மாறியது. மற்றவர்களைப் பார்த்துத் தாழ்ந்த குரலில் சொன்னாள்: "இவரே ஒண்ணுன்னு குறைச்சுச் சொல்லுதாருன்னா, உள்ளபடி எத்தன இருந்துதோ!"

அரைமணி நேரத்தில் ஓடைப் பக்கம் ஒரு குஞ்சுகுளுவான் இல்லை. எல்லாப் பிள்ளைகளும் பள்ளிக்கூடம் விட்டு ரோட்டைச் சுற்றியே வீட்டுக்கு வந்தார்கள். இருட்டுவதற்குள் காலனிப் பேச்சில் நரிகள் அறுபது ஆகிவிட்டன. மறுநாள் அவை வரிசையில் வந்தன. கொம்பையா வீடுவீடாகப் போய், "ஒண்ணுதான், ஒண்ணுதான்" என்று கெஞ்சிப் பார்த்தார். "பாவம், மனுசன் ரொம்பப் பயந்துட்டாரு" என்று அவருக்குக் காப்பி கொடுத்து அனுப்பினார்கள்.

வியாழக்கிழமை வனத்துறை ஆட்கள் கையுறை போட்டுக்கொண்டு காட்டுக்குள் தேடினார்கள். ஓர் உடைமரத்தடியில் நரி செத்துக் கிடந்தது. சாக்கில் போட்டுத் தூக்கி வந்தபோது காலனியே ஓடை மேட்டில் கூடி நின்றது. ஒருவர் ஒற்றைக் கையால் தூக்கிவிடும் எடைதான். பிரமு புருஷனின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இது குட்டி" என்றாள் எஸ்தர். "பெருசு எருமை தண்டி இருக்கும். அது தப்பிச்சுட்டு."

கொம்பையாவுக்குப் பொறுக்கவில்லை. "இதுதாம்மா அது! இது ஒண்ணுதான்! எருமையுமில்ல, கூட்டமுமில்ல. கடி வாங்குனவன் நான் சொல்லுதேன்!"

எஸ்தர் அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"உமக்கு என்ன தெரியும் அண்ணாச்சி? நீருதான் திரும்பியே பாக்காம ஓடுனீரே."