அட்டைக் கலமும் பதினொரு மணியும்

பெருமையாகச் சொல்லிக்கொள்ள இது ஒன்றும் நல்ல கதை இல்லை. இருந்தாலும் கேளுங்கள்.

நெப்டியூனுக்கு ஓர் ஆளில்லா விண்கலம் போயிற்று. போய்ச் சேரவே பதினொரு வருஷம். அங்கே ஒரு குட்டி நிலாவை அது ஒரே ஒரு முறை கடக்கும், திரும்பி வராது. அந்த நிலாவைப் படமெடுத்தே ஆக வேண்டும் என்று முதல் நாளிலிருந்து பிடிவாதமாக நின்றவர் குழுத் தலைவி பத்மாசனி. அந்த மாதக் கடைசியில் அவருக்கு ஓய்வு.

இங்கிருந்து அனுப்பும் கட்டளை கலத்தை அடைய நான்கு மணி நேரம் ஆகும். கலம் நிலாவைக் கடப்பது பிற்பகல் மூன்றரைக்கு. இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கலத்தின் கேமராவை இடப்பக்கம் திருப்ப வேண்டும். கட்டளையை எழுதியவன் ஜெரால்டு. வரைபடத்தில் கலம் நம்மைப் பார்த்து நிற்கும். அதன் இடது நமக்கு வலது. அவசரத்தில் வலம் என்று எழுதிவிட்டான். இப்படி ஆகும் என்று தெரிந்துதான் அந்தக் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் கட்டளையை வாசிப்பார். இன்னொருவர் அட்டையில் செய்த கலத்தைக் கையில் பிடித்து அதன்படி திருப்பிப் பார்ப்பார். அன்று பார்வையாளர்கள் போட்டோ எடுத்துக்கொள்ள அட்டைக் கலம் முன்னறைக்குப் போயிருந்தது. "எத்தனையோ தடவை பார்த்ததுதானே, அனுப்புப்பா" என்று பத்மாசனி கையெழுத்துப் போட்டார். காலை ஒன்பதுக்குக் கட்டளை கிளம்பிற்று.

மூன்றாவது ஆள், அதே குழுவில் இருந்த தணிகாசலம். பதினொரு மணிக்கு அட்டைக் கலத்தைத் தூக்கிக்கொண்டு வந்தவன், கட்டளைத் தாளை வைத்து ஒருமுறை திருப்பிப் பார்த்தான். கேமரா வெறும் வானத்தைப் பார்த்தது. ஆனால் அவன் வாயைத் திறக்கவில்லை. அத்தனை பேர் முன்னால் மேடத்தின் தப்பை எப்படிச் சொல்வது என்று கூச்சம். மேடம் பார்க்காமலா போட்டிருப்பார் என்று ஒரு சமாதானம். கேன்டீனுக்குப் போய் டீ குடித்தான், மகாராஜா. பன்னிரண்டு மணிக்குப் பார்வையாளர்களின் பஸ் கிளம்பியதும், "மேடம், இடம் வலம் மாறியிருக்கு போல, கொஞ்சம் பாருங்க" என்றான், அப்போதுதான் கண்ணில் பட்டதுபோல.

சரியான கட்டளை ஐந்தே நிமிடத்தில் போயிற்று. வந்த படத்தில் கறுப்பு வானமும் ஏழெட்டு நட்சத்திரங்களும்தான் இருந்தன.

விசாரணையில் ஜெரால்டு எழுந்து, "எழுதினது நான் சார்" என்றான். "கையெழுத்து என்னோடது. அவனை விடுங்க" என்றார் பத்மாசனி. தணிகாசலம் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிழையைக் கண்டுபிடித்தவன் என்று அறிக்கையில் அவனுக்குப் பாராட்டு வேறு. வழியனுப்பு விழா வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பிய பத்மாசனி, வாசலில் அவன் தோளைத் தட்டி, "நீயாவது பார்த்தியேப்பா" என்றார். அவன் தலையாட்டினான்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். தப்பாக எழுதியவன், பார்க்காமல் கையெழுத்திட்டவர், பார்த்துச் சொன்னவன். இவர்களில் அந்தப் படத்தைத் தொலைத்தது யார்?

விடை: பதினொரு மணியோடு நான்கைக் கூட்டுங்கள். மூன்று மணி; அரை மணி நேரம் மிச்சம். அதுவரை ஜெரால்டின் தப்பும் அந்த அம்மாளின் தப்பும் திருத்தக்கூடிய தப்புகள்தான். பன்னிரண்டோடு கூட்டினால் நான்கு மணி. அதற்குள் நிலா போய்விட்டது. தொலைத்தவன் தணிகாசலம். அவனை மகாராஜா என்று ஏசினேனே, அதற்கு எனக்கு உரிமை உண்டு. அன்று வாசலில் தலையாட்டியது நான்தான்.