மின்விசிறிக்குக் கீழே ஒரு நாற்காலி

அந்த வட்டார வள மையத்தில் பயிற்சிக் கூடம் என்றால் ஒரு தகரக் கொட்டகைதான். உள்ளே ஒரு ஸ்மார்ட் போர்டு, ஒரே ஒரு மின்விசிறி, அதற்கு நேர் கீழே ஒரு நாற்காலி. அந்த நாற்காலியில் யார் உட்காருவது என்பதற்குப் பயிற்றுநர் மெகருன்னிசா ஒரு சட்டம் வைத்திருந்தார்.

ஒரு சனி விட்டு ஒரு சனி, சுற்றுவட்டார ஆசிரியர்கள் போர்டில் பாடம் நடத்தப் பழக அங்கே வருவார்கள். வந்ததும் யாரும் எதையும் தொடக் கூடாது. முதலில் டீ. டீ குடித்தபடி, போன தடவைக்குப் பிறகு வகுப்பில் தான் அடித்த கூத்தை ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். எவர் கூத்து பெரிய கூத்தோ, அவருக்கு மின்விசிறி. மிச்சப் பேர் வேர்த்து ஊற்ற வேண்டியதுதான்.

ஆசிரியர்கள் லேசில் தங்கள் தப்பைச் சொல்கிற ஆட்களா? ஆனாலும் புதுக்கோட்டைப் பக்கத்து வெயில் சொல்ல வைத்துவிட்டது. ஒரு ஆங்கில ஆசிரியை தன் போனைப் போர்டில் இணைத்திருக்கிறார். அந்த நேரம் பார்த்து மாமியாரின் குரல் வகுப்பு முழுக்க ஒலித்திருக்கிறது: "ரசத்துல உப்பே இல்லையேடி!" அன்றைக்கு அவரைக் கைதட்டி அந்த நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அவரும் மகாராணி மாதிரி உட்கார்ந்திருந்தார்.

சுந்தரவதனம் சார் மட்டும் எப்போதும் சுவரோரம். மருதவயல் பள்ளியில் கணக்கு வாத்தியார். பணியில் சேர்ந்து முப்பது வருஷம். பயிற்றுநரைவிட வயதில் மூத்தவர். அவர் முறை வரும்போதெல்லாம் ஒரே பதில்தான்.

"எங்க ஸ்கூல்ல எல்லாம் நல்லாப் போகுதுங்க."

சட்டை முதுகோடு ஒட்டியிருக்கும். மெகருன்னிசா சிரித்துவிட்டு அடுத்தவரைப் பார்ப்பார்.

நல்லாவா போனது? அடப் போங்க! இந்த வருஷம் பள்ளி திறந்ததிலிருந்து அவர் பாடவேளையில் போர்டு எரிந்ததே இல்லை. வகுப்புக்குள் நுழையும் முன் வெளிச்சுவரில் இருக்கும் ஃபியூஸ் கட்டையை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். "கரண்ட் இல்லப்பா" என்று சொல்லிச் சாக்பீஸை எடுப்பார். முடிந்ததும் போய் மாட்டிவிடுவார்.

"உங்க பீரியட்ல மட்டும் கரண்ட் போகுதே சார்?" என்று பிள்ளைகள் கேட்டார்கள்.

"அதை நான் என்னத்தக் கண்டேன்?"

எல்லாம் போன வருஷம் ஒரு நாள் பட்ட பாடு. போர்டில் வட்டம் போடப் போனார். அது முட்டை மாதிரி வந்தது. அழிக்கப் போனார், நூறு முட்டையாக வந்தது. வகுப்பே சிரித்தது. இத்தனை வருஷத்தில் அவர் முன்னால் சத்தமாக மூச்சுவிடாத வகுப்பு. அன்று மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோனார். அவமானம் அப்படிப் பிடுங்கித் தின்றது.

இப்போது தலைமையாசிரியை இன்னொரு குண்டைப் போட்டிருந்தார். வருகிற வெள்ளிக்கிழமை சுந்தரவதனம் போர்டில் மாதிரி வகுப்பு எடுக்க வேண்டும். பக்கத்துப் பள்ளி ஆசிரியர்களெல்லாம் பார்க்க வருகிறார்கள்.

அந்தச் சனிக்கிழமை எல்லோரும் கிளம்பிய பிறகும் அவர் சுவரோரமே நின்றார். பையிலிருந்து ஃபியூஸ் கட்டையை எடுத்து மேசையில் வைத்தார். முந்தின நாள் பாடம் முடிந்ததும் மாட்ட மறந்து கையோடு வந்துவிட்டது. நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார்.

"விருப்ப ஓய்வுக்கு எழுதிக் குடுத்துரலாம்னு இருக்கேன் டீச்சர். இன்னொரு தடவை அந்தச் சிரிப்பை என்னால தாங்க முடியாது."

"பாடம் நடத்தாம வீட்டுல இருந்துருவீங்களா சார்?"

அவர் கண் கலங்கிவிட்டது. "செத்துருவேன். அதான் கேக்கறேன். இந்தப் பயம் எப்ப டீச்சர் போகும்?"

மெகருன்னிசா மிச்சம் இருந்த டீயை இரண்டு டம்ளரில் ஊற்றினார்.

"கணக்குன்னாலே நடுங்கற பிள்ளை வந்தா நீங்க என்ன சார் செய்வீங்க?"

அந்த முகத்தில் வெளிச்சம் வந்ததைப் பார்க்க வேண்டுமே! "அது ஒரு விஷயமா? கரும்பலகையில வேணும்னே ஒரு தப்பு போடுவேன். கண்டுபிடிச்சா கடலை மிட்டாய். வாத்தியாரே தப்பு போடறாருன்னு தெரிஞ்சதும் பயந்தாங்கொள்ளி எல்லாம் முன்வரிசைக்கு வந்துரும்."

"மிட்டாய் டப்பா இப்ப எங்க?"

"பீரோவுல கெடக்கு. போர்டு வந்ததுலேருந்து தொடலை. வேணும்னு எதுக்குத் தப்பு போடணும்? அதான் தானா வருதே."

"அப்படின்னா மிட்டாய் நிறைய வாங்கணுமே" என்றார் மெகருன்னிசா.

எழுந்து போய்ப் போர்டை உயிர்ப்பித்தார். விரலால் ஒரு வட்டம் போட்டார். ஓரமாக ஒரு கோடு இழுத்து, 'விட்டம்' என்று எழுதினார்.

"ஐயையோ டீச்சர், அது நாண்! விட்டம்னா மையத்து வழியாப் போகணும்."

"எங்க, போட்டுக் காட்டுங்க."

பதறிப்போய் ஓடிவந்து அவர் கோட்டை அழிக்கப் போனார். மொத்தப் படமும் காணாமல் போனது. கை அப்படியே நின்றுவிட்டது.

"கண்டுபிடிச்சிட்டேன்!" மெகருன்னிசா கையை நீட்டினார். "எடுங்க மிட்டாயை."

சுந்தரவதனம் விழித்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். பொழுது சாயும்வரை இருவரும் மாற்றி மாற்றி வட்டம் போட்டார்கள். கிளம்பும்போது மெகருன்னிசா ஃபியூஸ் கட்டையை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"இதை மாட்டிருங்க சார். பிள்ளைங்களுக்கும் வேர்க்கும்ல."

வகுப்பு ஃபேனும் அதே ஃபியூஸ் கம்பியில்தான் ஓடுகிறது என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. தலையைக் குனிந்துகொண்டார்.

அந்த வாரம் முழுக்கச் சாயங்காலமானால் போன். "டீச்சர், வட்டம் சுருங்கிருச்சு." "ரெண்டு விரலால விரிங்க சார்." "டீச்சர், கோணம் காட்ட மாட்டேங்குது." "மூணு புள்ளியையும் தொட்டீங்களா?" அவரும் சளைக்கவில்லை, அவர் கேட்டதற்கு மெகருன்னிசாவும் சலிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. வகுப்பில் ஃபேன் ஓடியது. கடைசி வரிசையில் ஐந்து பள்ளி ஆசிரியர்கள், ஓரமாக மெகருன்னிசா. மேசைமேல் மிட்டாய் டப்பா. சுந்தரவதனம் அதன் மூடியைத் திறந்து வைத்தார்.

"இன்னைக்கு நான் வேணும்னு தப்பு போட மாட்டேன்" என்று ஆரம்பித்தார். "தானா வரும். பிடிக்கிறவங்களுக்கு மிட்டாய்."

பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். வட்டம் முட்டையாக வந்தது. "சார், முட்டை!" என்று கத்தினார்கள். ஒரு மிட்டாய் போயிற்று. பேனா நிறம் மாறியது, இன்னொன்று. அவருக்கும் உற்சாகம் ஏறிவிட்டது. வட்டத்துக்குள் ஒரு நாண். அதன் இரு முனையிலிருந்தும் வட்டத்தின் மேல்பக்கம் ஒரு புள்ளிக்குக் கோடுகள். அங்கே கோணம் ஐம்பது பாகை.

புள்ளியை விரலால் வட்டத்தின்மேல் நகர்த்தினார். கோடுகள் சாய்ந்தன, நீண்டன. கோணம் ஐம்பதிலேயே நின்றது.

"அட!" என்றார் அவரே. முப்பது வருஷமாக வாயால் சொன்னது கண்முன்னால் ஓடுகிறதே!

ஆர்வத்தில் விரல் நாணைத் தாண்டிக் கீழ்ப்பக்கம் போய்விட்டது. கோணம் சட்டென்று நூற்று முப்பதாகக் குதித்தது.

"சார், தப்பு! தப்பு!"

போச்சு, போர்டைக் கெடுத்துவிட்டோம் என்று நினைத்தார். பின்வரிசை ஆசிரியர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். கை தன்னால் சட்டைப் பைக்குப் போனது. பை காலி.

மூன்றாம் வரிசையில் பாண்டிச்செல்வி எழுந்தாள். கணக்கு வகுப்பில் தன் பெயரைக்கூட உரக்கச் சொல்லாத பிள்ளை.

"சார், ரெண்டையும் கூட்டினா நூத்தி எண்பது வருது."

அவர் போர்டைப் பார்த்தார். மறுபடி பார்த்தார். அடுத்த வாரம் நடத்த வேண்டிய வட்ட நாற்கரத் தேற்றம், தானாக வந்து நிற்கிறது!

"ஏ பாண்டிச்செல்வி! இங்க வா தாயி! நீயே நாணை நகட்டிப் பாரு, எப்பவும் வருதான்னு."

அவள் நகர்த்தினாள். எங்கே நகர்த்தினாலும் மேல்கோணமும் கீழ்க்கோணமும் சேர்ந்து நூற்று எண்பது. வகுப்பு ஹோவென்று கத்தியது. சுந்தரவதனம் டப்பாவை அப்படியே கவிழ்த்தார். மிச்ச மிட்டாயெல்லாம் அவள் கையில். பின்வரிசை எழுந்து நின்று கைதட்டியது. அவர் அழுதார், சிரித்தார், எது எதென்று அவருக்கே தெரியவில்லை.

அடுத்த பயிற்சிச் சனிக்கிழமை டீ வரும்வரைகூட அவரால் பொறுக்க முடியவில்லை. ஃபியூஸ் கட்டையிலிருந்து ஆரம்பித்துவிட்டார். கொட்டகை இடிந்து விழுகிற மாதிரி சிரிப்பு.

"பையில போட்டுக்கிட்டா பாடம் நடத்துனீங்க? எங்க மாமியா தோத்துட்டாங்க சார்!" என்று ஆங்கில ஆசிரியையே அவரைக் கைபிடித்து அந்த நாற்காலியில் உட்கார வைத்தார்.

மின்விசிறிக் காற்று அவர் முகத்தில் சிலுசிலுவென்று அடித்தது.

"அப்ப விருப்ப ஓய்வு?" மெகருன்னிசா கேட்டார்.

"கவர்மெண்டு போகச் சொல்றப்பப் போறேன். அதுவரைக்கும் என்னை யாரு அசைக்கறது?" காலை நீட்டி உட்கார்ந்தார். கொஞ்சம் பொறுத்துக் குரலைத் தாழ்த்தினார். "ஆனா டீச்சர், திங்கக்கிழமை புதுப் பாடம். நெனச்சாலே கை ஃபியூஸ் கட்டையத் தேடுது. நீங்க பதிலே சொல்லலையே. இந்தப் பயம் எப்பத்தான் போகும்?"

மெகருன்னிசா டீ டம்ளரை அவரிடம் நீட்டினார்.

"டப்பாவுல மிட்டாய் இருக்கா சார்?"

"ஒண்ணுகூட இல்ல. எல்லாம் தீந்துபோச்சு."

"போற வழியில வாங்கிட்டுப் போங்க."